நிலாவுக்கு ஒதுக்கிய இடம்

அது நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. நீல அட்டை, பின்பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு. முதல் நான்கு பக்கங்களில் விதிகள். அதற்குப் பிறகு பக்கத்துக்கு ஒரு பாட்டாக முப்பத்தாறு பாட்டு எழுதுவதாகத் திட்டம். எழுதி முடிந்தவை இருபத்து நான்கு. மூன்று பேருடைய கையெழுத்து மாறி மாறி வரும். ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒற்றை எழுத்து இருக்கும். ‘சி’ என்றால் சிஸ்டர். ‘க’ என்றால் கரும்பு, அது நான். ‘ந’ என்றால் நடத்துநர். அவரை நானும் சிஸ்டரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் மூவரில் பேனா பிடிக்கத் தகுதியானவர் யார் என்று இன்று கேட்டால் தயங்காமல் அவரைத்தான் சொல்வேன். அன்று அப்படிச் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.

நான் அப்போது மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பீல்டுமேன். யார் நிலத்தில் எப்போது நட்ட கரும்பு, எப்போது வெட்டலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிவரும் வேலை. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில், மலைக்குப் போகும் சாலையின் மேலேயே இருந்தது. சிஸ்டர் மலைமேல் வெள்ளிமலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கடலூர்ப் பக்கத்துக்காரர். கண்டக்டர் கள்ளக்குறிச்சியை ஒட்டிய ஒரு காலனியில் பிறந்தவர். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கி போட்டவர். காலையில் வெள்ளிமலைக்கு ஏறி, மதியம் இறங்கி, சாயங்காலம் சங்கராபுரம் வழியாக மூங்கில்துறைப்பட்டுக்கு வருகிற பஸ் அவருடையது. அந்த ஒரு பஸ்தான் மலையையும் ஆலையையும் சேர்த்தது. எங்கள் மூவரையும் சேர்த்ததும் அதுதான்.

தொடங்கியது ஒரு கிழிந்த பத்திரிகையில். யாரோ சீட்டில் விட்டுப்போனது, அட்டை கிடையாது. பஸ்ஸில் கிடைக்கும் எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கண்டக்டர் ஆபீசில் ஒப்படைப்பார். அதில் ஜப்பான் நாட்டில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து தொடர்பாட்டு எழுதும் வழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. ஒருவர் மூன்று வரி எழுத வேண்டும். அடுத்தவர் அதோடு பொருந்தும்படி இரண்டு வரி. அதற்கடுத்தவர் மறுபடி மூன்று வரி. இதில் முக்கியமான விதி ஒன்று. உனக்கு முந்திய பாட்டோடு மட்டும்தான் உன் பாட்டுக்கு உறவு. அதற்கும் முந்தியதை நீ திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பாட்டு ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கிவிடுமாம்.

பஸ்ஸில் எப்போதும் புத்தகத்தோடு இருப்பவன் என்று என்னைக் கவனித்து வைத்திருந்திருக்கிறார். ஒரு சாயங்காலம் டிக்கெட் கொடுத்துவிட்டு அந்தக் கட்டுரையை என் மடியில் வைத்தார். “படிச்சிப் பாருங்க சார். மூணு பேரு இருந்தா ஆவும்னு போட்டுக்குது. நானு ஒண்ணு, நீங்க ஒண்ணு. மலையில ஒரு சிஸ்டர் கீறாங்க, மருந்துச் சீட்டுப் பின்னாடி கவிதை எழுதுவாங்க” என்றார். மறுவாரமே நோட்டு வாங்கிவிட்டார். ஐந்து, ஏழு, ஐந்து என்று அசை எண்ணுவதைத் தமிழில் முயன்று பார்த்து ஒரே வாரத்தில் கைவிட்டோம். மூன்று வரி, இரண்டு வரி, அவ்வளவு போதும் என்று முடிவு செய்தோம்.

முதல் பாட்டை விருந்தாளிதான் எழுத வேண்டும் என்பது வழக்கமாம். மூவரில் வெளியூர்க்காரர் என்பதால் சிஸ்டர் எழுதினார்.

மலைப்பாதை வளைவில்
பஸ் நிற்கிறது
மேகம் கடந்து போகட்டும்

நான் இப்படித் தொடுத்தேன்.

இறங்கிப்போய்த் தண்ணீர் குடிக்கிறார்கள்
டிரைவரும் இரண்டு ஆடுகளும்

கண்டக்டர் மலையையும் பஸ்ஸையும் விட்டு வேறெங்கோ போனார்.

சந்தை முடிந்த இடத்தில்
வெங்காயத் தோல்
தனியே ஓடுகிறது

அந்த மூன்றாம் பாட்டைப் படித்தபோது எனக்குள் சின்னதாக ஒரு பொறாமை எழுந்தது. ஆடுகள் தண்ணீர் குடிக்கும் இடத்திலிருந்து சந்தைக்கு எப்படிப் போனார் என்று யோசித்துக்கொண்டே அன்று நான்கு ஊர் கரும்பைப் பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று நினைவில்லை.

நோட்டு அவருடைய தோல்பையில், டிக்கெட் கட்டுகளுக்குப் பின்னால் பயணம் செய்தது. காலையில் மலைக்குப் போகும், சாயங்காலம் ஆலைக்கு வரும். ஒரு பாட்டுக்குச் சில சமயம் ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம். எங்கள் ஊர் வழியாகத்தான் தினமும் அந்த பஸ் போனது. லீவில் ஊரில் இருந்தால் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்பேன். அவர் படியில் தொங்கியபடியே நோட்டை நீட்டுவார். ஒன்றரை வருடத்தில் ஒருநாள்கூட “வாங்க, வூட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்று நான் சொன்னதில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை. எங்கள் தெருவில் அது முடியாது என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்ததைப் பேசாமல் இருப்பதை நாகரிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதியது ஒரே ஒருநாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நானும் மலைக்கு ஏறினேன். பஸ் அங்கே இரண்டரை மணி நேரம் நிற்கும். சிஸ்டரின் குவார்ட்டர்ஸில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். தரையில் மூன்று இலை. என் வாழ்க்கையில் காலனிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக என்னையே நான் மெச்சிக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவர் அதையெல்லாம் கவனிக்காதவர்போல மொச்சையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை இலை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை ஐந்து பாட்டு எழுதினோம். இந்தத் தொடரில் நிலாவுக்கென்று இடம் உண்டு. ஐந்தாம் பாட்டு, பதினான்காம் பாட்டு, இருபத்தொன்பதாம் பாட்டு. பூவுக்குப் பதினேழும் முப்பத்தைந்தும். அந்த இடங்களில் நிலாவும் பூவும் வந்தே ஆக வேண்டும். எழுதுகிறவர்களுக்கு அது பெரிய கௌரவமாம். சிஸ்டர், நான், கண்டக்டர் என்ற எங்கள் வரிசையில் எண்ணிப் பார்த்தபோது அந்த ஐந்து இடமும் எனக்கே விழுந்தது. கண்டக்டர் விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினார். பிறகு சிரித்துக்கொண்டே, “நெலா, பூவு எல்லாத்தையும் உங்களுக்கே ஒதுக்கிட்டாங்களா சார்? இங்கயும் எங்களுக்கு எடம் கெடைக்கலியே” என்றார். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊரெல்லாம் இடஒதுக்கீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பதினேழாம் பாட்டு வந்தபோது பேச்சு பூவைப் பற்றித் திரும்பியது. ஜப்பானில் பூ என்று மட்டும் சொன்னாலே அவர்களுக்கு ஒரே பூதான், செர்ரிப் பூ. நமக்கு எது? கரும்பு பூத்தால் சாறு குறையும், வெட்டு தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். என் தொழிலில் கவனிக்க வேண்டிய பூ அது என்பதால் நான் கரும்புப் பூவை எழுதப்போவதாகச் சொன்னேன். கண்டக்டர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எங்க தெருவுல பூவரசு மட்டுந்தாங்க. அதப்பத்தி ஒண்ணு மனசுல கீது. இந்த ஒரு எடத்த எனக்குக் குடுக்கிறீங்களா?” என்று கேட்டார். அப்படி விட்டுக்கொடுப்பதும் அந்த மரபில் உண்டு, கட்டுரையிலேயே அது இருந்தது. ஆனாலும் நான் விதி விதிதான் என்று சொன்னேன். அவர் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். “செரி சார், உங்க எடம். நீங்களே எழுதுங்க” என்றார். என் கரும்புப்பூப் பாட்டு நோட்டில் இருக்கிறது. அது சுமார்தான். அவர் மனதில் இருந்த பூவரசம்பூ எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இருபத்து மூன்றாம் பாட்டு என் முறை. முந்திய பருவத்தில் ஆலைப் பக்கத்துத் தோட்டங்களில் பார்த்ததை எழுதினேன். கரும்பு வெட்டிய நிலத்தில் சோகையை, அதாவது காய்ந்த கரும்பிலையை, கொளுத்துவார்கள். கரி பறந்து வந்து ஊரில் காயும் துணிமேல் படியும்.

சோகை எரிகிறது
சாம்பல் வந்து விழுகிறது
வெள்ளை வேட்டியில்

எழுதி, கீழே ‘க’ என்று போட்டு, ஆலை வாசலில் கண்டக்டரிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே படித்துவிட்டு, “நல்லாக்கீது சார். நான் யோசிச்சி எழுதறேன்” என்று பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளில் சாலைகள் நின்றுவிட்டன.

எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். கோரிக்கை நியாயமானது என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எங்கள் ஊரில் பத்தாவது தாண்டியவர்களை எண்ண ஒரு கை போதும். பிற்பாடு கிடைத்த அந்த ஒதுக்கீட்டில்தான் என் மகள் கல்லூரிக்குப் போனாள். அதனால் மரத்தை அறுத்தவர்கள் யாரோ என்று ஒதுங்கி நின்று என்னால் எழுத முடியாது. எங்கள் ஊர் எல்லையில் இருந்த பெரிய புளியமரத்தை அறுத்தபோது ரம்பத்தின் ஒரு முனையை நானும் பிடித்தேன். மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து கூச்சல் போட்டேன். அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டவர் என் அக்காவின் கணவர். ஊரில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான்.

முதல் இரண்டு நாள் திருவிழா மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காற்று மாறிவிட்டது. எங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள், எங்கோ காலனி எரிகிறது என்றார்கள். அதற்குப் பழிவாங்க ஆள் திரட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றும் ஒரு பேச்சு வந்தது. எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. எல்லோர் கையிலும் தடி இருந்தது.

அன்று உச்சி வெயிலில் மலைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. மலைக்காரர்கள் நான்கு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தோளில் சுமந்து வந்தார்கள். கட்டிலில் ஒரு பெண். பிள்ளை குறுக்கே திரும்பி இரண்டு நாளாக வலி. பக்கத்தில் குடை பிடித்தபடி சிஸ்டர். முன்னால் காக்கிச் சட்டையில் கண்டக்டர். மறியலில் மாட்டிக்கொண்டு அவருடைய பஸ் மலையிலேயே நின்றிருந்தது. அந்தப் பெண்ணுக்காக டிரைவரைக் கெஞ்சி, மலையடிவாரம் வரை பஸ்ஸை இறக்கியிருக்கிறார். அங்கே முதல் மரம். அதற்கு மேல் நடை. தோள் மாற்ற ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் கூட வந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். வேர்வையில் நனைந்த அந்த முகம் கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என்மேல் நின்றது. என்னைக் கண்டதும் அவர் கண்ணில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். மறுபடி நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே இருந்தவரை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

கட்டிலை விடச் சொல்லி மாமாவே சொன்னார். இரண்டு பேர் கிளைகளை விலக்கிக் கொடுத்தார்கள். கட்டில் தாண்டியது, சிஸ்டர் தாண்டினார். கண்டக்டர் தாண்டும்போது ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். காலனிக்காரன், ஆள் கூட்டி வருவது இவன் பஸ்ஸில்தான் என்றான். சிஸ்டர் திரும்பி வரப் பார்த்தார். கண்டக்டர், “நீங்க போங்க சிஸ்டர், நேரம் ஆவுது. நான் பின்னாலயே வரேன்” என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் அவர் போனார் என்று நினைக்கிறேன்.

பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். டிக்கெட் கட்டுகளும் விசிலும் தார்ச்சாலையில் விழுந்தன. நோட்டும் விழுந்தது. ஒருவன் அதை எடுத்து, எழுதியிருந்த கடைசிப் பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான். சோகை எரிகிறது, சாம்பல் வந்து விழுகிறது, வெள்ளை வேட்டியில். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. யாருடைய வேட்டியில் சாம்பல் விழப்போகிறது என்று ஒரு குரல் கேட்டது. எங்கள் ஊரை எரிக்கப்போகிறார்கள், அதைத்தான் மறைத்து எழுதியிருக்கிறது என்றது இன்னொரு குரல். வாசித்தவன் கீழே இருந்த எழுத்தை விரலால் குத்திக் காட்டி, “க-ன்னு போட்டுக்குதே, யார்ரா அது?” என்றான்.

நான் எட்டடி தள்ளி நின்றிருந்தேன். அது நான்தான், கரும்புக்கு க, அது வெறும் சோகை என்று சொல்ல வேண்டிய நேரம் அது. என்னை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். மாமா திட்டியிருப்பார், ஊர் கொஞ்ச நாள் கேலி பேசியிருக்கும், அவ்வளவுதான். அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் நாக்கு எழவில்லை. காலனிக்காரனோடு சேர்ந்து பாட்டு எழுதுகிறவன் என்று என் தெரு முழுக்கத் தெரிந்துபோவதை நினைத்தேன். அந்த அற்பமான கூச்சம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

கண்டக்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “க-ன்னா கண்டக்டருங்க. நான்தான் எழுதுனேன்.”

எழுதின கை எது என்று கேட்டார்கள். பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. செருப்புக் காலால் மிதித்தார்கள் என்பது போதும். ஊர்ப் பெரியவர் ஒருவர், பேர்போன முரடர், ஓடிவந்து நடுவில் விழுந்து, “போதும் வுடுங்கடா, செத்துரப் போறான்” என்று தடுத்தார். தடுத்தவர் அவர்தான், நான் அல்ல. கண்டக்டர் எழுந்து, இடது கையால் டிக்கெட் கட்டுகளைப் பொறுக்கினார். நோட்டையும் எடுத்துத் தூசி தட்டிப் பையில் வைத்துக்கொண்டார். கட்டில் போன திசையில் நடந்தார்.

பத்து நாள் கழித்து பஸ் ஓடியபோது வேறொரு கண்டக்டர் வந்தார். நான் வெள்ளிமலைக்குப் போனேன். சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. மருந்து அறை வாசலில் நிற்க வைத்தே பேசினார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், பிள்ளை இல்லை என்றார். கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தால் என்று நான் ஏதோ தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார். “அவரு வெரலு எத்தினி ஒடஞ்சிதுன்னு கேக்க வந்தீங்களா? மூணு. பஸ் படியில வழுக்கி வுழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாரு. யாரு பேரயும் சொல்லல. உங்களுக்குப் பயம் வாணாம்.” அதன் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துப் புது கண்டக்டர் ஆலை வாசலில் என்னிடம் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே நோட்டு. இருபத்து நான்காம் பாட்டுக்கான பக்கத்தில், ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியதுபோலக் கோணலாக, இடது கையால் எழுதிய இரண்டு வரி இருந்தது.

தட்டிவிட்டு மடித்து எடுத்துப் போகிறாள்
மழை வரும்போல் இருக்கிறது

கீழே ‘ந’. ஆலை வாசலில் கரும்பு வண்டிகளுக்கு நடுவே நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குற்றச்சாட்டு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். ஒரு சொல்கூட இல்லை. வேட்டிமேல் விழுந்த சாம்பலை ஒரு பெண் தட்டிவிடுகிறாள், மழைக்கு முன் துணியை எடுத்து உள்ளே போகிறாள். என் பாட்டை அவர் சோகையாகவும் சாம்பலாகவும் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் விரலை நொறுக்கிய அதே மூன்று வரிக்கு, விதிப்படி, அழகாக, பதில் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் சிஸ்டரின் கையெழுத்தில் ஒரு வரிதான் இருந்தது. “நான் எழுதப் போவதில்லை. அடுத்தது உங்கள் முறை.”

நான் எழுதவில்லை. முதலில் ஒரு வாரம் யோசித்தேன், பிறகு ஒரு மாதம். அவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதாகத் தினமும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு டெப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், விரல் மடங்காததால் உள்வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இனி எங்கே போய்த் தேடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேட வேண்டிய தூரம் ஒரு பஸ் டிக்கெட்தான். அன்று அந்த மரத்தருகில் பேசாதது ஒரு நிமிடத்துக் கோழைத்தனம் என்றாவது சொல்லலாம். பதில் எழுதாமல் இருந்தது முப்பது வருடம்.

போன ஆண்டு கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பழைய டிரைவர் ஒருவரைப் பார்த்தேன். கண்டக்டர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது என்றார். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரில், திருநாவலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீடு கட்டிக்கொண்டு போனாராம். அந்த வாரமே போனேன். போகும் வழியெல்லாம் சாலை அகலமாகிவிட்டது. அறுப்பதற்கு இனி மரமும் இல்லை.

அவர் மனைவியை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. கல்லூரி வயதில் பேத்தி ஒருத்தி நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கரும்பு சாரா நீங்க?” என்று எழுந்தே நின்றுவிட்டார். வீட்டில் உங்களைப் பற்றிப் பேசாத நாள் கம்மி என்றார். மூன்று பேர் சேர்ந்து பாட்டு எழுதியதை, நிலா பூவெல்லாம் எனக்கே வாய்த்ததை, மொச்சைக் குழம்பை, எல்லாவற்றையும் கண்டக்டர் சொல்லியிருக்கிறார். பிறகு அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“கை வலிக்கும்போதெல்லாம் ஒண்ணு சொல்லுவாருங்க. அன்னிக்கி கரும்பு சார் மட்டும் ஊர்ல இருந்திருந்தா எம்மேல ஒரு அடி வுழுந்திருக்காது, எங்கியோ வெளியூர் போயிருந்தாரு, இல்லன்னா குறுக்க வந்து நின்னிருப்பாருன்னு. சாவறதுக்கு முந்தின வாரம் கூட சொன்னாரு.”

காப்பி வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டேன், குடிக்க முடியவில்லை. கண்டக்டர் கண்ணில் அன்று வந்த நிம்மதியும், நான் தலை குனிந்ததும், அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பாததும் நினைவுக்கு வந்தன. அவருக்கு மறக்கவில்லை. எப்படி மறக்கும்? தெரிந்தே இந்தக் கதையை அவர் கட்டி, இந்த வீட்டில் எனக்கென்று ஒரு நல்ல இடத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருந்தால் அந்த இடம் அப்படியே இருந்திருக்கும்.

“நான் ஊர்லதாங்க இருந்தேன்” என்றேன்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நான் மறுபடி சொன்னேன். அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன் என்று சொன்னேன். அவர்கள் படித்த பாட்டு என்னுடையது என்றும் சொன்னேன். பேத்தி கதவருகே அசையாமல் நின்றாள்.

“எத்தினி தூரத்துல?” என்று கேட்டார்.

“எட்டடி இருக்கும்.”

“அவரு உங்களப் பாத்தாரா?”

“பார்த்தாருங்க.”

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. ஆனால் அவர் என்னை மறந்தவர்போல உள்ளே, மாலை போட்டிருந்த படத்தின் பக்கமாகத் திரும்பி, “எங்கிட்ட கூட சொல்லலியே” என்றார். பிறகு அழுதார். சாவுக்கு அழுத அழுகை போலில்லை அது. முப்பது வருடம் கூடவே படுத்து எழுந்த மனிதன் ஒரு பாரத்தைத் தன்னிடம்கூட இறக்கிவைக்காமல் சுமந்திருக்கிறானே என்ற அழுகை. அழுது ஓய்ந்ததும் என்னைப் பார்த்து, “நீங்க கெளம்புங்க” என்றார். அப்போதும் அந்த ‘ங்க’வை அவர் விடவில்லை.

பேத்திதான் தெருமுனை வரை வந்து பஸ் வரும் இடத்தைக் காட்டினாள். திரும்பி வரும்போது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன், ஆகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி எனக்காக நான் எடுத்துக்கொண்டது. அதற்கு விலையாக அந்த அம்மாவிடம் இருந்த ஒரு நல்ல நினைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. பேச வேண்டிய நாளில் பேசாமல் இருந்தவன் நான். பேசாமல் இருந்திருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால் அது இதுதானோ என்னவோ. கண்டக்டர் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.